ஏழு வருடம் உறைக்குள் இருந்த போர்வை

1

நாங்கள் எட்மன்டனில் வந்து இறங்கிய நாளை வருடாவருடம் வத்தக்குழம்பு வைத்துக் கொண்டாடுகிறோம். வந்த அன்று சூட்கேஸைத் திறந்து உடனே சமைக்க முடிந்தது அது ஒன்றுதான். அதனால் அதுவே எங்கள் வீட்டுப் பண்டிகைச் சாப்பாடாகிவிட்டது. இந்த நவம்பரோடு ஏழு வருடம் முடிந்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. உள்ளே நான் சுண்டைக்காய் வறுக்கிறேன், என் கணவர் நாற்காலி மேல் ஏறி நின்று, புகை அலாரம் அடித்துவிடாமல் துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறார். கனடாவில் தமிழர் பண்பாடு இப்படித்தான் காப்பாற்றப்படுகிறது.

அப்போது என் மகள் தாரிணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். பதினைந்து வயது. ஒரு காது பாட்டுக்கு, இன்னொரு காது எங்களுக்கு.

"அம்மா, என் ப்ளாங்கெட்ட வாஷ் பண்ணப் போட்டுட்டேன்."

"உறைய மட்டும்தானே?"

"இல்ல, உள்ள இருக்கிறதையும் சேத்துதான். ஸ்மெல் வந்துச்சும்மா. அத ஒரு தடவகூட வாஷ் பண்ணலயாம், அப்பா இன்னிக்குத்தான் சொன்னாரு. அது ப்ளாங்கெட்தானே, சாமி படமா?"

கரண்டியை வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. வீட்டுச் செருப்போடு மூன்று மாடி இறங்கி அடித்தளத்துக்கு ஓடினேன். எங்கள் கட்டடத்துக்கே பொதுவாக ஐந்து துணி துவைக்கும் மெஷின்கள் அங்கே இருக்கின்றன. மூன்றாவது மெஷினின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் மாம்பழ மஞ்சளும் பச்சையும் அரக்கும் நுரையில் புரண்டுகொண்டிருந்தன. இந்த ஊர் மெஷின்கள் காசை விழுங்கிவிட்டால் பாதியில் வாய் திறக்காது. இருக்கிற பொத்தான்களையெல்லாம் அமுக்கிப் பார்த்தேன். இன்னும் இருபத்தாறு நிமிடம் என்று காட்டியது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் போர்வை கந்தலாகத்தான் வெளியே வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைத் தைத்தவளை நான் ஒருமுறை மிகவும் நோகடித்திருக்கிறேன், மன்னிப்புக் கேட்டதில்லை. அவள் கொடுத்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். இருபத்தாறு நிமிடத்தில் சொல்லக்கூடிய கதைதான், சொல்லிவிடுகிறேன்.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள். நான் திண்டுக்கல், எதிர்வீடு நாகர்கோவில், மேல்மாடி சேலம். காய்கறிக்குத் திருக்கழுக்குன்றம், கொஞ்சம் பெரிய சாமான் என்றால் செங்கல்பட்டு. காலையில் ஆபீஸ் பஸ் புறப்பட்டுப் போனதும் அந்த வரிசை வீடுகள் முழுக்கப் பெண்கள் ராஜ்யம். எனக்குக் கால்மிதித் தையல் மெஷின் ஒன்று இருந்தது, பழைய புடவைகள் இருந்தன, என் கணவர் கொண்டுவந்து கொடுக்கிற கிராஃப் தாள் இருந்தது. கட்டம் கட்டமாக வரைந்து, கலர் பென்சிலால் நிரப்பி, அதன்படி துணியைச் சதுரம் சதுரமாக நறுக்கி ஒட்டிப் போர்வை தைப்பேன். மூலைக்கு மூலை நூல் பிடித்தாற்போல் சேர வேண்டும். சேராது. அரைக்கால் அங்குலம் பிசகினாலும் பிரித்துவிடுவேன். பிரிப்பதில் எனக்கு அப்போதே நல்ல பழக்கம்.

கன்னியம்மா கடலோரக் குப்பமான கொக்கிலமேட்டிலிருந்து வாரத்தில் நாலு நாள் மீன் கூடையோடு பஸ்ஸில் வருவாள். என்னைவிட ஒரு வயது பெரியவள்தான். ஆனால் மீன் வாங்குகிறவர்கள் எல்லோரும் அவளுக்கு அக்கா. ஒருநாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, நான் விரித்து வைத்திருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, நல்ல துணிய நறுக்கி நறுக்கி ஒட்டிகினுகீற?"

"போர்வை தைக்கிறேன் கன்னியம்மா."

குனிந்து ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். "ரெண்டு மடிப்புதான் கீது. இத்தப் போத்திகினா குளுரு அடங்குமா? எங்க வூட்டாளு விடிகாலைல தண்ணிலருந்து நனைஞ்சிகினு வரும். அஞ்சு மடிப்பு வெச்சித் தெச்சாதான் அதுக்கு ஒடம்புல சூடே வரும்."

"அஞ்சு மடிப்பு வெச்சா ஊசி இறங்காதே."

"உன் ஊசி எறங்காது. என் ஊசி எறங்கும்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கூடை காலியானதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து ஒரு கோணி ஊசியும், கிழிந்த வலையை ஒக்கிடுகிற நைலான் நூல் சுற்றிய கட்டையும் எடுத்தாள். நாலு மணி பஸ் வரைக்கும் தைத்தோம். அதற்குப் பிறகு இரண்டரை வருடம் எங்கள் சனிக்கிழமைகள் அப்படித்தான் போயின.

3

போர்வை தைப்பதில் பாதி சந்தோஷம் துணி சேர்ப்பதில்தான். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற பாத்திரக்காரிதான் எங்களுக்குப் போட்டி. கன்னியம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய புடவை கொடுக்கிற வீட்டுக்கு நெத்திலி ஒரு கை கூடுதலாகப் போடுவாள். பாத்திரக்காரி அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

சேர்ந்த புடவைகளைத் தரையில் குவித்து நிறம் பிரிப்போம். ஒவ்வொரு புடவைக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை.

"இந்த மஞ்ச, மேல்மாடி சேலத்தக்காது. வூட்டுக்காரு டூட்டிலருந்து வர்ற டைமுக்குதான் கட்டும். மத்த நேரம் நைட்டிதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மீனுக்காரிக்குத் தெரியாம இந்த வரிசைல இன்னாக்கா நடக்குது?"

சிரித்துச் சிரித்து ஊசியைக் கோக்க முடியாமல் போகும். தாரிணி அப்போது நாலைந்து வயதுக் குழந்தை. துணிக்குவியலுக்குள் புகுந்துகொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, "மீனு வாங்கலியா மீனு" என்று கத்துவாள்.

எரிச்சலுக்கும் குறைவில்லை. சிவப்புப் புடவை ஒன்று சாயம் விட்டு, ஒரு மாத வேலையை ரோஸ் பவுடர் கொட்டியது போல் ஆக்கிவிட்டது. ஐந்து மடிப்பில் அடிமடிப்பு சுருங்கி உள்ளேயே முண்டு கட்டும். விரல் நுனியெல்லாம் பொத்தல், அதோடு புளி கரைத்தால் உயிர் போகும். கன்னியம்மாவோ டேப்பைக் கையால் தொடமாட்டாள். சாணும் முழமும்தான். என் கிராஃப் தாளை ஒருநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல குளுரு எங்ககீதுன்னு சொல்லுக்கா" என்று கேட்டாள். நான் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேலே என் சதுரங்கள், உள்ளே அவள் மடிப்புகள், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது அவள் ஓட்டுத் தையல். இப்படி ஒரு கூட்டுப் போர்வை உருவானது. கன்னியம்மாவின் கொழுந்தன் மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகிற தெருவில், சங்குக் கடை வைத்திருந்தான். சிப்பி மாலைகளுக்கு நடுவே எங்கள் போர்வை இரண்டைத் தொங்கவிட்டான். இரண்டும் ஒரே வாரத்தில் போயின. வாங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் மூலைகள் ஐரோப்பாவில் யார் கட்டிலிலோ சரியாகச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறாவதோ ஏழாவதோ போர்வை திரும்பி வந்தது. வாங்கிய அம்மா தான் தங்கியிருந்த இடத்தில் அதை மெஷினில் துவைத்திருக்கிறார். கொழுந்தன் ஒரு பையில் கொண்டுவந்து கொட்டினான். தையல் ஓடிய இடமெல்லாம் துணி அறுந்து, நைலான் நூல் மட்டும் முழுசாக இருந்தது. தூக்கிப் பிடித்தால் வலை. வலையில் மீனுக்குப் பதில் கந்தல் தொங்கியது. நைந்த பருத்தியை நைலான் கத்தி மாதிரி அறுத்திருந்தது.

கன்னியம்மா அதைக் கையில் வாங்கி முதலில் பார்த்தது நூலைத்தான். "ஒரு நூலாவது அத்துகீதா பாரு!" என்றாள், பெருமையாக.

4

"இனிமே பருத்தி நூல்லயே தைக்கலாம்," என்றேன்.

"பருத்தியா? உப்புக் காத்துல ஒரு வருசம் நிக்குமா அது? எங்க மாமனாரு காலத்துல பருத்தி வலதான். அத்தக் காய வெச்சி, சாயம் ஏத்தி, அப்பவும் நடுக்கடல்ல அத்துகினு பூடும். அந்தப் பேஜாரு உனக்குத் தெரியாது."

"இது மீன் புடிக்கிறதுக்கு இல்லையே கன்னியம்மா."

"எதுக்கானா இன்னா? நான் தெச்சது அவுந்துச்சின்னு ஒருத்தர் சொல்லக்கூடாது."

அவள் கேட்கமாட்டாள் என்று தெரிந்தது. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அவள் நாலு மணி பஸ்ஸுக்குப் போனதும் அவள் தைத்த வரிசைகளைச் சின்னக் கத்திரியால் அறுத்துப் பிரித்துவிட்டு, பருத்தி நூலில் மெஷின் தையல் போட்டேன். அடுத்த சனிக்கிழமை அவள் தைக்க உட்காருவதற்குள் மடித்துக் கடைக்கு அனுப்பிவிடுவேன். அவள் நல்லதுக்கும் சேர்த்துத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் தராசை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. என் மடியில் போர்வை, கையில் கத்திரி, தரையெல்லாம் துண்டு துண்டாக நைலான் நூல்.

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. உட்கார்ந்து அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். வலைக்காரர் வீட்டில் நூலைக் குப்பையில் போடமாட்டார்கள்.

"எத்தினி வாரமா நடக்குது?"

"மூணு வாரமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அறுத்திருக்கலாம் இல்ல?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். வாயில் வந்தது வேறு. "சொன்னா நீ கேக்கறியா? வலை தைக்கிற கையால போர்வை தைச்சா இப்படித்தான் இருக்கும்," என்றேன்.

நூல் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, தராசை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் வாரத்தில் நாலு நாள் எங்கள் வரிசைக்கு வந்தாள். "வவ்வாலு, சங்கரா, நெத்திலியேய்" என்று குரல் வரும். எதிர்வீட்டு வாசலில் நிற்கும். பிறகு என் வீட்டைத் தாண்டிப்போய் அடுத்த வீட்டில் மறுபடி தொடங்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

போதாக்குறைக்கு இன்னொன்றும் செய்தேன். என்னிடம் காப்பிக்கொட்டை நிறத்தில் கோபுரக் கரை போட்ட புடவை ஒன்று இருந்தது. "இது கியிஞ்சா எனக்குத்தான்" என்று கன்னியம்மா ரொம்ப நாளாகச் சொல்லி வைத்திருந்தாள். அது அவளுக்குப் போகக்கூடாது என்ற வீம்பில் பாத்திரக்காரியைக் கூப்பிட்டு, ஒரு டிபன் டப்பாவுக்கு அதைக் கொடுத்தேன். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டு படித்துவருகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

தனியாகத் தைத்துப் பார்த்தேன். மூலைகள் எல்லாம் சரியாகச் சேர்ந்தன. சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை. பாதியில் மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

5

என் கணவர் விண்ணப்பித்திருந்த கனடா விசா வந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, வீடு முழுக்க அட்டைப்பெட்டியும் தராசுமாக இருந்தபோது, கன்னியம்மா வந்தாள். கூடை இல்லை. தலை குளித்துப் பூ வைத்திருந்தாள். கையில் கொழுந்தன் கடைப் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த துணிப்பை.

"ஐஸ் கொட்ற தேசம்னு எதிர்வூட்டக்கா சொல்லிச்சி. பாப்பாவுக்குப் போத்து," என்று பையை நீட்டினாள்.

"உள்ள வா, காப்பி போடறேன்."

"பஸ்ஸு பூடும்க்கா." செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, "இத்தையும் பிரிச்சிடாத," என்றாள்.

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்க இரண்டு வருடமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் உள்ளே போயிருக்கும். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் போனதும் பிரித்துப் பார்த்தேன். ஐந்து மடிப்பு, அதே நைலான் நூல். மேலே எங்கு பார்த்தாலும் புடவைக் கரைகள். குறுக்கும் நெடுக்குமாக, வலைக்கண் போல, நாலு விரல் அகலக் கரைகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடின. "டிசைனே இல்லை, வெறும் கரையா வெச்சு நிரப்பியிருக்கா," என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் அதைத் தராசில் வைத்தார். இரண்டரைக் கிலோ. தன் புத்தகங்களில் மூன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு, "குழந்தைக்குக் கதகதப்பா இருக்கும்," என்றார்.

இந்த ஊர் விமான நிலையத்தில் கொண்டுவந்த சாமான்களுக்கெல்லாம் மதிப்புப் போட்டு ஒரு படிவம் கேட்டார்கள். போர்வைக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் இவர் பூஜ்யம் போட்டார். அந்த அதிகாரி பூஜ்யத்தை வட்டமிட்டு, அப்படியானால் எதற்காக இவ்வளவு தூரம் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டார். இவர் போர்வையை மடித்துப் பெட்டிக்குள் மறுபடி திணித்தார்.

தாரிணி முதல் இரவிலிருந்து அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள், இன்றுவரை வேறு எதையும் போர்த்தியதில்லை. நான்தான் பயந்தேன். ஒரு சலவை போதும், வலையாகிவிடும். வந்த சில வாரத்திலேயே தண்ணீர் படாமல் சுத்தம் செய்கிற கடைக்கு எடுத்துப் போனேன். எதனால் ஆனது, எத்தனை சதவீதம் என்று அங்கேயும் படிவம். அப்போதைய என் ஆங்கிலத்தில், "தண்ணீர் பட்டால் இது செத்துவிடும்" என்று விளக்கினேன். கவுண்ட்டரில் இருந்த பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்து, உள்ளே ஏதாவது பிராணி இருக்கிறதா என்று கேட்டாள். சேதமானால் கடை பொறுப்பில்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டபோது சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றே வெள்ளைத் துணியில் ஒரு உறை தைத்து அதற்குள் போட்டு, ஒரு பக்கம் பொத்தான் வைத்து மூடினேன். உறை வாரம் ஒருமுறை சலவைக்குப் போகும். உள்ளே இருப்பது கோடையில் ஒரு மணி நேரம் ஜன்னலோரம் காற்று வாங்கும். பால்கனியில் போட முடியாது. வந்த புதிதில் புடவை ஒன்றைப் பால்கனிக் கம்பியில் உலர்த்தியதற்கே மேனேஜரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது.

இங்கேயும் சமூகக்கூடத்தில் போர்வை தைக்கிற பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. டோரத்தி என்ற அம்மா என்னைச் சேர்த்துவிட்டார். புதுத்துணியைக் கடையில் வாங்கிவந்து, அதை நறுக்கி, மறுபடி சேர்த்துத் தைக்கிறார்கள். நெத்திலி கொடுத்துப் பழம்புடவை சேர்த்த எனக்கு முதல் நாள் கத்திரியை எடுக்கவே மனம் வரவில்லை. "உன் ஊர்ப் போர்வை ஒன்று கொண்டுவாயேன்," என்று டோரத்தி பலமுறை கேட்டார். கொண்டு போகவில்லை. வெட்கமாக இருந்தது.

வந்த வருடம் தாரிணி, "கன்னியம்மா ஆன்ட்டி எப்ப மீனு கொண்டாருவாங்க?" என்று கேட்டாள். அடுத்த வருடம் கேட்கவில்லை. பிறகு தமிழே கேள்விக்குப் பதிலாக மட்டும் வந்தது. இப்போது கன்னியம்மாவின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை, போர்வையை மட்டும்தான் தெரியும்.

6

மெஷின் நின்றது. கதவைத் திறந்து இரண்டு கையாலும் அள்ளினேன். ஈரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி கனம். கந்தல் கையில் தட்டுப்படும் என்று விரல்கள் தேடின. தட்டுப்படவில்லை. துணி மடிக்கிற நீள மேசையில் விரித்து ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தேன். ஒரு கிழிசல் இல்லை.

அப்புறம்தான் பார்த்தேன். பார்வை இருந்தும் ஏழு வருடமாகப் பார்க்காததை அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு தையல்கூடப் புடவையின் உடல்பகுதியில் விழவில்லை. எல்லா ஓட்டுத் தையலும் கரையின் நட்டநடுவில் ஓடியது. புரட்டிப் போட்டேன். மேலே எங்கே கரை இருந்ததோ, அடியிலும் சரியாக அதே இடத்தில் இன்னொரு கரை. புடவை கட்டுகிறவர்களுக்குத் தெரியும், உடல் நைந்து விரல் நுழைகிற காலத்திலும் கரை கெட்டியாக இருக்கும். நைலான் இழுத்த இழுப்பையெல்லாம் அந்தக் கரைகள் வாங்கிக்கொண்டிருந்தன. வலைக்கு ஓரத்தில் கயிறு கட்டித் தாங்கல் கொடுப்பார்களே, அதைப் போர்வை முழுக்கக் கொடுத்திருக்கிறாள்.

அவ்வளவு கரைக்கு எத்தனை புடவையைக் கிழித்திருப்பாள்? என் கத்திரியைப் பார்த்த அன்றிலிருந்தே சேர்க்கத் தொடங்கியிருப்பாள். நான் திமிராகச் சொன்னதில் இருந்த நியாயத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, தன் நூலையும் விட்டுக்கொடுக்காமல், உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். நடுவில் ஓடிய கரையைத் தொட்டதும் கை நின்றுவிட்டது. காப்பிக்கொட்டை நிறம், கோபுரக் கரை. கன்னியம்மாவைக் கண்டாலே முகம் திருப்புகிற பாத்திரக்காரியிடம் போய் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

அந்த மேசை மேலேயே தலையைச் சாய்த்து அழுதேன். தாரிணி படியிறங்கி வந்து பயந்துவிட்டாள். "ஸாரிம்மா, கிழிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"கிழியல," என்றேன். டிரையரில் போட்டுவிட்டு, அது சுற்றி முடிகிற வரைக்கும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்திரியையும் சொன்னேன், டிபன் டப்பாவையும் சொன்னேன். அந்த டப்பாவில்தான் அவள் பள்ளிக்குத் தயிர்சாதம் கொண்டுபோனாள்.

"நீ அவங்ககிட்ட ஸாரி சொன்னியா?"

"இல்ல."

"ஏழு வருஷமாவா?" என்று கேட்டாள்.

7

கடையின் துணிப்பை பழைய சூட்கேஸில் இருந்தது. போன் கார்டு வாங்கிவந்து அந்த நம்பரைச் சுற்றினால் போகவில்லை. ஊர் நம்பர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு எண் கூடிவிட்டது என்பதை இவர் விசாரித்துச் சொன்னார். மறுநாள் கிடைத்தது. கொழுந்தன்தான் எடுத்தான்.

"யாரு? கனடாவா? அண்ணி தைக்கிற கரைப் போர்வை வோணுமா? இப்ப ஸ்டாக் இல்ல சார்," என்றான்.

நான் சாரும் இல்லை, போர்வையும் வேண்டாம் என்று புரியவைப்பதற்குள் கார்டில் பாதி போய்விட்டது. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் பண்ணு, இட்டாந்து வெக்கிறேன்," என்றான்.

அவர்களுக்குக் காலை எட்டு, எனக்கு முந்தைய இரவுச் சாப்பாட்டு நேரம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"யக்கா! மெய்யாலுமே நீதானா? பாப்பா எப்டிகீது? அங்க நெத்திலி கெடைக்குதா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு சொன்னேன். "கன்னியம்மா, அன்னைக்கு உன்கிட்ட சொல்லாம அறுத்தது தப்பு. பேசினதும் தப்பு. என்னை மன்னிச்சிடு."

"அத்த இன்னுமா நெனச்சிகினுகீற? நான் எப்பவோ மறந்துட்டேன்," என்றாள். மறக்கவில்லை என்று குரலில் தெரிந்தது.

"முந்தாநாள் போர்வைய மெஷின்ல துவைச்சோம். ஒரு இழை பிரியல. கரை மேலயே தைச்சிருக்கியே."

"முந்தாநாளா? இத்தினி நாளு கையாலயா தோச்சிகினு இருந்தே?"

"துவைக்கவே இல்ல. கிழிஞ்சிடும்னு பயம். மேல உறை போட்டு மூடி வெச்சிருந்தேன்."

"ஏயு வருசமாவா? சீ, நாத்தம் புடிச்சவளே!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பழைய சனிக்கிழமைச் சிரிப்பு. அது பாதியில் நின்றது.

"ஒறையா? அப்ப அத்த யாருமே பாக்கலியாக்கா?"

தாரிணியின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அதான் நான் மொத மொதல்ல அந்த மாறி தெச்சது. வாய்ல சொன்னா சண்ட வரும், பாத்தா உனக்கே புரியும்னுதான் குடுத்தேன்."

ஒரு நிமிடம்தான் பாக்கி என்று கார்டுக்காரியின் ஆங்கிலக் குரல் குறுக்கே வந்தது. கன்னியம்மாவுக்கும் அது ஏதோ புரிந்திருக்க வேண்டும். "செரி உடு, உடு. நல்லா வெயில்ல போடுக்கா," என்றாள். இணைப்பு அறுந்தது.

மறுநாள் காலை மைனஸ் இருபது, ஆனால் கண்ணைக் கூசும் வெயில். உறையைக் கிழித்துத் துடைக்கிற துணியாக்கினேன். தாரிணி கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஒரு முனையைப் பிடிக்க, போர்வையைப் பால்கனிக் கம்பியில் விரித்து, கரைகள் தெருவைப் பார்க்கும்படி கிளிப் போட்டோம். பத்து நிமிடத்தில் தொட முடியாதபடி சில்லிட்டுவிட்டது. நாலு நாள் எடுக்கவில்லை. எதிர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள். டோரத்தி கீழே காரை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

ஐந்தாம் நாள் கதவுக்கு அடியில் மேனேஜரின் கடிதம் வந்தது. இவர் முகம் வாடிவிட்டது. இரண்டாவது எச்சரிக்கை, இனி ஒன்று வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். போர்வையை உள்ளே எடுத்துத் தாரிணியின் கட்டிலில், உறையில்லாமல் விரித்தேன். பிறகு உட்கார்ந்து கடிதத்தை நிதானமாகப் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

அதை அப்படியே மடித்துக் கன்னியம்மாவுக்குத் தபாலில் அனுப்பினேன். கொக்கிலமேட்டு முகவரியைத் தாரிணி என்னைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதினாள், எழுத்துக்கள் பெரிது பெரிதாக. மேனேஜர் எழுதியிருந்ததில் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டு, பக்கத்தில் தமிழாக்கம் மட்டும் நான் எழுதினேன்:

"பல நிறக் கோடுகள் உள்ள பெரிய போர்வை ஒன்று உங்கள் பால்கனியில் தொங்குவது தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிகிறது."